நான்காம் மாடியின் பச்சைக் கதவு

இது நடந்தது. கதை கட்டுகிற சாமர்த்தியம் எனக்குக் கிடையாது. இருந்திருந்தால் லீவு கேட்கும்போதெல்லாம் மேலாளரிடம் மாட்டிக்கொண்டு முழித்திருக்க மாட்டேன்.

பேய் என்றால் நடுச்சாமம், நாய் ஊளையிடுவது, கரண்ட் போவது என்று எதிர்பார்த்து வந்திருந்தால் முதலிலேயே மன்னித்துவிடுங்கள். எனக்கு நடந்தது ஒரு சனிக்கிழமை, பட்டப்பகலில். பிற்பகல் 2:10 முதல் 4:05 வரை. ஆபீஸில் ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது, எல்லா விளக்குகளும் எரிந்துகொண்டிருந்தன. நேரத்தை எப்படி இவ்வளவு சுத்தமாகச் சொல்கிறாள் என்று தோன்றும். கையில் கிடைத்த ஒரு தாளில் அப்போதே எழுதி வைத்தேன். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது.

என் வேலையைச் சொன்னால்தான் மற்றது புரியும். ஹோட்டல் அறையிலும் மருத்துவமனையிலும் கதவின் உட்பக்கம் ஒரு படம் ஒட்டியிருப்பார்கள். பார்த்திருப்பீர்கள், படித்திருக்க மாட்டீர்கள். 'நீங்கள் இருக்கும் இடம்' என்று ஒரு புள்ளி, அங்கிருந்து ஓர் அம்புக்குறி, அது போய் முடியும் இடத்தில் ஒரு கதவு. தீப்பிடித்தால் எந்த வழியாக ஓட வேண்டும் என்று காட்டும் படம். அதை வரைந்துதான் நான் சம்பளம் வாங்குகிறேன்.

வரைவது கம்ப்யூட்டரில். சுவர், கதவு, படி எல்லாம் தயாராக இருக்கும், எடுத்து வைக்க வேண்டியதுதான். அப்படி வைக்கும் ஒவ்வொன்றையும் ஷேப் என்போம். ஒவ்வொரு ஷேப்புக்கும் ஒரு ஸ்டைல் உண்டு. பள்ளிக்கூடச் சீருடை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். 'திறக்கும் கதவு' என்ற ஸ்டைலைப் போட்டால் கதவு பச்சையாகும். 'மூடிய கதவு' என்றால் கறுப்பாகும். இதுபோக ஒவ்வொரு ஷேப்புக்கும் பின்னால் ஓர் அட்டவணை ஒளிந்திருக்கும். அதில் ஃபார்முலா எழுதலாம். கதவு எத்தனை மீட்டர் தள்ளி இருக்கிறது என்று அதுவே கணக்குப் போடும், தூரம் அதிகமானால் அம்புக்குறியைச் சிவப்பாக்கிவிடும்.

இந்த ஃபார்முலாக்களையெல்லாம் எழுதி, டெம்ப்ளேட் என்கிற மாதிரி ஃபைலாக வைத்துவிட்டுப் போனவர் எனக்கு முன்னால் அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர். கம்ப்யூட்டரில் வரைகிற மனிதருக்குக் காதில் எப்போதும் ஒரு பென்சில் இருக்குமாம். அதனால் அவர் பெயரே பென்சில். நான் அவரைப் பார்த்ததில்லை. வேலையை விட்டுவிட்டு வெளிநாடு போய்விட்டார் என்று மேலாளர் சொல்லியிருந்தார்.

ஆபீஸில் அவரைப் பற்றி ஒரு கேலி உண்டு. கைப்பிடியைப் பிடித்துத் திருகிப் பார்க்காமல் பென்சில் ஒரு கதவைக்கூட வரைய மாட்டாராம். பத்து மாடி என்றால் பத்தும் ஏறுவார். இடுப்பில் எஃகு டேப். இழுத்து அளப்பார், விடுவார். அது சுருண்டு உள்ளே போகும். சர்ர்ர்... டக். அந்தச் சத்தம் கேட்டால் பென்சில் வருகிறார் என்று அர்த்தமாம்.

நாங்கள் அவ்வளவு நல்லவர்கள் இல்லை. ஒரு மாடியை அளப்போம். மற்ற மாடிகளும் அதே அச்சில் வார்த்ததுதானே என்று அந்தப் பக்கத்தைக் காப்பி எடுத்து எண்ணை மட்டும் மாற்றுவோம். எங்கள் தொழிலில் ஊரே செய்கிற வேலை. நானும் செய்தேன்.

அதுவும் எந்தக் கட்டடத்தில் செய்தேன் தெரியுமா? என் சொந்தத் தங்கை குடியிருக்கும் கட்டடத்தில்.

வேலைக்குப் போகும் பெண்கள் தங்கும் விடுதி அது. ஐந்து மாடி. என் தங்கை நான்காம் மாடியில், 418-ஆம் அறையில் இருக்கிறாள். ஒல்லிக்குச்சி உடம்பு, ஓயாத வாய். வீட்டில் அவளைப் பூச்சி என்றுதான் கூப்பிடுவோம். என்னைவிட ஒன்பது வயது இளையவள். அம்மா போனபோது அவள் மூன்றாம் வகுப்பு. தலைபின்னி, சோறு ஊட்டி, அடித்து, அணைத்து வளர்த்தது நான். அவளுக்கு ஒன்று என்றால் எனக்கு உயிரே இல்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமும் இல்லை.

அந்த மாடியை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். நீளமான ஒரே நடை. இரண்டு பக்கமும் அறைகள். ஒரு முனையில் முன்படி. மறுமுனையில் பின்படிக்குப் போகும் கதவு. முனைக்கு முனை 42 மீட்டர். பூச்சியின் அறையிலிருந்து பின்கதவுக்கு ஆறே மீட்டர். முன்படிக்கு முப்பத்தாறு. புகைக்குள் முப்பத்தாறு மீட்டர் என்பது எவ்வளவு தூரம் என்று எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும்.

நான் மூன்றாம் மாடியை மட்டும் நடந்து பார்த்தேன். பின்கதவு திறந்தது. போட்டோ எடுத்துக்கொண்டேன். நான்காம் மாடிக்கு ஏறவில்லை. அன்று பூச்சி ஊரில் இல்லை, எனக்கோ கால்வலி. காரணம் அவ்வளவுதான்.

திங்கட்கிழமை தீயணைப்புத் துறை சோதனை. படங்கள் அதற்குள் எல்லா அறையிலும் ஒட்டப்பட வேண்டும். சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் ஃபைல் அச்சகத்துக்குப் போயாக வேண்டும். மற்றவர்கள் மதியமே கிளம்பிவிட்டார்கள். ஏழாவது மாடியில் இருக்கும் எங்கள் ஆபீஸில் நான் மட்டும் இருந்தேன்.

மணி 2:10. கடைசியாக ஒருமுறை கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். முதல் மாடி சரி. இரண்டு சரி. மூன்று சரி. நான்காம் மாடியின் பின்கதவு மட்டும் கறுப்பாக இருந்தது.

பச்சை ஸ்டைலைப் போட்டேன். சேமித்தேன். ஐந்தாம் மாடியைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

2:24. மறுபடியும் கறுப்பு.

எனக்குப் பயம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. இந்த சாஃப்ட்வேரில் இப்படி ஒரு பழைய கோளாறு உண்டு. காப்பி எடுத்த பக்கத்தில் ஸ்டைல் சில நேரம் தானாகப் பழையபடி மாறும். போகிற போக்கில் ஃபார்முலாவையும் விழுங்கிவிடும். நான் வாய்க்கு வந்தபடி அதைத் திட்டினேன். கதவையே அழித்துவிட்டுப் புதிதாக ஒன்றை எடுத்து வைத்தேன். விரலை மவுஸிலிருந்து எடுக்கும்போதே அது கறுத்துவிட்டது.

2:38. கதவுக்குப் பின்னால் இருக்கும் அட்டவணையைத் திறந்தேன். நிறத்துக்கான கட்டத்தில் ஒரு ஃபார்முலா இருந்தது. ஷேப் 77 என்ற ஒன்றின் தூரத்தை வைத்து நிறத்தை முடிவு செய் என்று அதில் எழுதியிருந்தது.

அந்தப் பக்கத்தில் மொத்தமே 64 ஷேப்புகள்தான். 77 என்று ஒன்று கிடையவே கிடையாது. இல்லாத ஒன்றைக் கேட்டால் கட்டத்தில் 'பிழை' என்று வர வேண்டும்.

வரவில்லை. 42.0 என்று வந்திருந்தது.

2:52. மேலாளருக்கு போன் போட்டேன்.

"சார், நாலாம் மாடி பின்கதவு கறுப்பாவே நிக்குது."

"பச்சையாக்கு."

"ஆக்கினா மறுபடி மாறுது. ஃபார்முலாவுல எழுபத்தேழுன்னு ஒரு ஷேப் வருது சார். பக்கத்துல அப்படி ஒண்ணு இல்ல."



"யாரோட டெம்ப்ளேட் அது?"

"பென்சிலோடது."

"அதை ஏன் எடுத்தே? தூக்கிப் போடு. புது ஃபைல்ல வரை. எல்லா மாடியும் ஒண்ணுதான்மா, காப்பி போடு. அஞ்சு மணிக்கு அச்சகத்துல இருக்கணும்."

வைத்துவிட்டார். போனை வைத்த வேகத்தைப் பார்த்தால், பேய் அவரைத்தான் துரத்துகிறதோ என்று நினைத்தேன். அப்போது அது வெறும் கேலி.

புது ஃபைல் திறந்தேன். பென்சிலின் டெம்ப்ளேட் இல்லை, பழைய ஸ்டைல் இல்லை, எதுவும் இல்லை. வெள்ளைப் பக்கம். நான்காம் மாடியை முதலிலிருந்து வரைந்தேன். கதவைக்கூட நான்கு கோடு போட்டு என் கையாலேயே வரைந்தேன். அதன் அட்டவணையைத் திறந்தேன்.

ஷேப் 77. 42.0.

மணி 3:11.

எனக்குப் பின்னால் சத்தம் கேட்டது.

சர்ர்ர்... டக்.

திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. காலி நாற்காலிகள். சுவரோரம் அளவுக் கருவிகள் வைக்கும் இரும்பு அலமாரி. எழுந்து போய் இழுத்துப் பார்த்தேன். பூட்டியிருந்தது. ஏ.சி. சத்தமாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன்.

கட்டத்தில் 41.3 என்று இருந்தது.

சர்ர்ர்... டக்.

40.6.

சர்ர்ர்... டக்.

39.9.

முதலில் சத்தம். பிறகு எண். ஒவ்வொரு முறையும் குறைவது 0.7. அந்த எண் எனக்கு மனப்பாடம். ஒரு படத்தை வரைந்து முடித்ததும், ஆட்கள் வெளியேற எத்தனை விநாடி ஆகும் என்று கணக்குப் போடுவோம். அதற்கு ஒரு காலடியின் நீளம் வேண்டும். எழுபது சென்டிமீட்டர் என்று எடுத்துக்கொள்வோம்.

யாரோ நடக்கிறார்கள்.

 மவுஸைப் பிடுங்கினேன். கீபோர்டைப் பிடுங்கினேன். இன்டர்நெட் ஒயரையும் பிடுங்கினேன். எண் இறங்கிக்கொண்டேதான் இருந்தது. மேசை போனை எடுத்துக் கீழே வாசலில் இருக்கும் காவலாளியைக் கூப்பிட்டேன்.

"அண்ணே, மேல வேற யாராவது வந்தாங்களா?"

"இல்லம்மா. மத்தவங்க எல்லாம் கையெழுத்துப் போட்டுட்டுப் போயாச்சு, மேல நீங்க ஒருத்தர்தான். ஏம்மா?"

"ஒண்ணுமில்ல."

3:29. எண் 28.0. இப்போது படத்திலும் ஏதோ தெரிந்தது.

நடையின் நடுவில் ஒரு ஆள் உருவம். வெளியேறும் வழியைக் காட்ட நாங்கள் வைப்போமே, அதே சின்ன மனிதன். நான் வைக்கவில்லை. எந்த ஷேப்புக்கும் ஏதாவது ஒரு ஸ்டைல் இருந்தே தீரும். இதன் அட்டவணை தானாகவே திறந்தது, ஸ்டைல் என்ற இடம் அதில் காலியாக இருந்தது. நிறம் இல்லை. மெல்லிய கோட்டில் ஒரு உடம்பு மட்டும். ஒவ்வொரு சத்தத்துக்கும் அது பின்கதவை நோக்கி ஓர் அடி நகர்ந்தது.

எழுந்து ஓடியிருக்கலாமே என்று கேட்பீர்கள். ஓடத்தான் நினைத்தேன். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அதைவிட, அது போய்க்கொண்டிருந்தது பூச்சியின் அறைப் பக்கம். கண்ணை எடுக்க முடியவில்லை.

3:36. எண் 21.0. நின்றது.

சத்தமும் நின்றது.

ஒரு நிமிடம் எதுவுமே இல்லை...

பிறகு 19.6.

18.2.

16.8.

இப்போது 0.7 இல்லை. 1.4.

ஓடுகிறது.

15.4... 14.0... 12.6...

418-ஐத் தாண்டியது.

4.2... 2.8... 1.4...

0.

கறுப்புக் கதவை ஒட்டி நின்றது. முடிந்தது என்று மூச்சு விட்டேன்.

முடியவில்லை.

0.7.

0.

0.7.

0.

ஓர் அடி பின்னால். மறுபடியும் கதவு. ஓர் அடி பின்னால். மறுபடியும் கதவு. முதலில் எனக்கு விளங்கவில்லை. விளங்கியதும் பேனாவை எடுத்தேன். தாளில் கோடு போட்டு எண்ணினேன். ஏன் எண்ணினேன் என்று தெரியாது.

பதினொன்று.

பிறகு எண் அசையவில்லை. 0.

3:41. அட்டவணையில் இன்னொரு கட்டம் மாறியது. உருவத்தின் சாய்வு. அதுவரை 0 டிகிரி என்று இருந்தது.

90.

சின்ன மனிதன் கதவடியில் படுத்துக் கிடந்தான்.

நான் பூச்சிக்கு போன் போட்டேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடியும் போட்டேன். எடுக்கவில்லை. சனிக்கிழமை மதியம் இடியே விழுந்தாலும் எழுந்திருக்காத ஜென்மம் அது. மூன்றாம் முறை எடுத்தாள். மணி 3:48.

"என்னக்கா... தூங்கிட்டு இருக்கேன்..."

"பூச்சி, எழுந்திரு. உன் மாடி பின்கதவு தெறக்குமா?"

"எது?"

"நடை கடைசியில இருக்கே, அந்தக் கதவு. போய்த் தெறந்து பாரு."

"இதுக்கா எழுப்பினே? அந்தப் பக்கம் யாருமே போறதில்லக்கா. பழைய மெத்தையெல்லாம் அடுக்கி வச்சிருக்காங்க."

"போய்ப் பாரு. இப்பவே. போனை வைக்காதே."

முணுமுணுத்துக்கொண்டே நடந்தாள். செருப்புச் சத்தம் கேட்டது. எதையோ நகர்த்தினாள். இருமினாள்.

"கைப்பிடி திரும்பலக்கா."

"பூட்டா?"

"பூட்டு ஒண்ணும் இல்ல... இரு. ஓரத்துல ஏதோ புடைச்சுக்கிட்டு இருக்கு. அக்கா, வெல்டு வச்சிருக்காங்க. சுத்தி வச்சுட்டு மேல பெயின்ட் அடிச்சிருக்காங்க."

நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன். என் படம் அந்த மாடியில் இருக்கும் அத்தனை பெண்களையும் இந்தக் கதவுக்குத்தான் அனுப்பியிருக்கும். பச்சை அம்புக்குறி போட்டு, என் தங்கையை.

"அக்கா..."

குரல் மாறியிருந்தது.

"என்னடி?"

"கீழ... என் காலுகிட்ட ஏதோ சத்தம் கேக்குது."

"என்ன சத்தம்?"

 போனைக் கீழே பிடித்திருக்க வேண்டும். எனக்கே கேட்டது.

சர்ர்ர்...

டக்.

அவள் நின்றுகொண்டிருந்த இடம் கதவடி. திரையில் அந்த உருவம் கிடந்த இடமும் அதுதான்.

"பூச்சி. திரும்பிப் பாக்காதே. முன்படி வழியா எறங்கு. ஓடு."

ஓடினாள். நானும் ஓடினேன். லிஃப்டுக்குக் காத்திருக்காமல் ஏழு மாடியும் இறங்கினேன். வாசலுக்கு வந்தபோது மணி 4:05. பேயறைந்த மாதிரி நின்ற என்னைப் பார்த்துக் காவலாளி எழுந்து நாற்காலியைக் கொடுத்தார்.

ஃபைலை அனுப்பவில்லை. மேலாளர் போனில் கத்தினார். நானும் கத்தினேன், அவரிடம் அப்படி நான் கத்தியது அதுவே முதல்முறை. திங்கட்கிழமை சோதனைக்கு வந்த அதிகாரியிடம், ஞாயிற்றுக்கிழமை தோழிகளோடு போய்ப் பூச்சி எடுத்த போட்டோவை நானே கொண்டுபோய்க் காட்டினேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் அந்தப் படி வழியாகத் திருடன் ஏறினானாம், அதனால் அந்த ஒரு மாடிக் கதவை மட்டும் அடைத்துவிட்டோம் என்று விடுதிக் காப்பாளர் சொன்னார். அதிகாரி விட்ட டோஸில் செவ்வாய்க்கிழமையே வெல்டிங்கை அறுத்து, மெத்தைகளை அள்ளி, புதுக் கதவு போட்டார்கள். திறந்து விட்டால் தானாக மூடிக்கொள்ளும் கனமான கதவு. நான் போய்க் கைப்பிடியை என் கையால் திருகிப் பார்த்தேன். பிறகு மற்ற நான்கு மாடிகளுக்கும் போய்த் திருகினேன்.

அன்று மாலை ஃபைலைத் திறந்தேன். கதவு பச்சையாக இருந்தது. சின்ன மனிதனைக் காணவில்லை. கட்டத்தில் 'பிழை' என்று இருந்தது. இல்லாத ஒன்றைக் கேட்டால் அப்படித்தான் வர வேண்டும்.

இதோடு முடிந்திருந்தால் என் வீட்டுக்காரர் சொல்வதுபோல, தூக்கம் கெட்டு ஏதோ உளறுகிறேன் என்று நானே விட்டிருப்பேன்.

அதற்கு அடுத்த வியாழக்கிழமை, காலை 6:20. விடுதியின் இரண்டாம் மாடியில், முன்படியை ஒட்டி இருந்த மின்பெட்டி தீப்பிடித்தது. முன்படி முழுக்கப் புகை. நான்காம் மாடியில் இருபத்து மூன்று பெண்கள். இருபத்து மூன்று பேரும் பின்படி வழியாக இறங்கிவிட்டார்கள். ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

நான் போனபோது பூச்சி தெருவோரத்தில் யாருடைய போர்வையையோ போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கட்டிப்பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் அழுதோம். அழுது ஓய்ந்த பிறகு கேட்டாள்.

"அந்தக் கதவு தானா மூடிக்கும்தானேக்கா?"

"ஆமா."

"நாங்க போறப்பவே தெறந்திருந்துச்சு. கடைசி ஆள் எறங்குற வரைக்கும் மூடல. யார் புடிச்சிட்டு இருந்தாங்கன்னு ஒருத்தருக்கும் தெரியல."

அதற்குமேல் இன்றுவரை அவள் அதைப் பற்றிப் பேசியதில்லை. ஓயாத வாய், இந்த ஒன்றில் மட்டும் ஓய்ந்துவிட்டது.

மறுநாள் ஆபீஸ் வாசலில் காவலாளியிடம் கேட்டேன். பென்சில் எந்த ஊருக்குப் போனார், போன் நம்பர் கிடைக்குமா என்று.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"எங்கயும் போகலம்மா. அவர் செத்து ஒண்ணேகால் வருஷம் ஆச்சு. உங்ககிட்ட சொல்லலையா?"

வீட்டு விலாசத்தையும் அவர்தான் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை காலை போனேன். பென்சிலின் மனைவி கதவைத் திறந்தார். ஐம்பது வயதிருக்கும். உங்கள் கணவரின் நாற்காலியில் இப்போது நான் உட்காருகிறேன் என்று மட்டும் சொன்னேன். கதவு, 77, எதையுமே சொல்லவில்லை. தண்ணீர் கொடுத்துவிட்டு, கேட்காமலே அவர் பேச ஆரம்பித்தார்.

"எல்லாக் கட்டடத்துலயும் ஒவ்வொரு மாடியா நடந்து பாத்துத்தான் வரைவாரு. பக்கத்து ஊர்ல ஒரே ஒரு கட்டடத்துக்குத்தான் அப்படிச் செய்யல. நேரம் இல்ல, எல்லா மாடியும் ஒண்ணுதான், காப்பி போடுன்னு ஆபீஸ்ல சொல்லிட்டாங்களாம்."

அந்த வாக்கியத்தை எனக்குத் தெரியும். அதைச் சொன்ன குரலையும் தெரியும். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"ரெண்டு மாசம் சரியா தூங்கல. ஒரு ஞாயித்துக்கிழமை, போய்ப் பாத்துட்டு வந்துடறேன், அப்பத்தான் மனசு ஆறும்னு டேப்பை எடுத்துட்டுக் கிளம்பினாரு. அவர் மேல நாலாவது மாடியில இருக்கும்போது கீழ தீப்பிடிச்சிருச்சு. முன்படியில புகை. சுவத்துல அவர் வரைஞ்ச படம். பின்கதவு பச்சையா இருந்துச்சு. அதை நம்பி ஓடியிருக்காரு. கதவு அடைச்சிருந்துச்சு."

அவர் உள்ளே போய் ஒரு துணிப்பையைக் கொண்டுவந்தார். அதில் அந்த டேப் இருந்தது. உறை உருகி, கருகி, உள்ளே இருந்த எஃகுச் சுருளோடு ஒன்றாக ஒட்டிப் போயிருந்தது. நுனியைப் பிடித்து மெல்ல இழுத்துப் பார்த்தேன். ஒரு மயிரிழைகூட அசையவில்லை.

"தீ அவர்கிட்ட வரவே இல்லைன்னு டாக்டர் சொன்னாரு, புகைதான்னாரு. டேப்பு மட்டும் எப்படி உருகிச்சுன்னு யாருக்கும் தெரியல."

 பிறகு தன் வலது தோளை இடது கையால் தடவிக்கொண்டார்.

"ஒரே தடவை இடிச்ச காயம் இல்லையாம். திரும்பத் திரும்ப இடிச்சதாம். எலும்பு பொடியாயிருந்துச்சு. அத்தனை தடவை இடிச்சிருப்பாரும்மா. எத்தனை தடவை இடிச்சிருப்பாரோ, அதைத்தான் தினமும் நினைச்சுக்கிட்டு இருக்கேன்."

என் கைப்பையில் அந்தத் தாள் இருந்தது. கோடு போட்டு எண்ணிய தாள்.

பதினொன்று. நான் அவரிடம் சொல்லவில்லை.